பதினெட்டு கிலோமீட்டர்

மே 8, திங்கள்

காலையில் வாடகைக் கார் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் சங்கிலிபூதத்தான் வந்திருந்தார். சொந்தமாக நான்கு டீசல் கார்கள் வைத்திருப்பவர். மோர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சார், ஒங்க மச்சினர் செல்வின் சங்கத்துக்கு வந்திருந்தாரு. இன்ஜினுக்கு மேப்பிங்னு கம்ப்யூட்டர்ல டீசல் கணக்கைத் திருத்தி, டயரையும் மாத்தினா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் கெடைக்கும்ங்காரு. எங்கட்ட இருபத்தாறு வண்டி இருக்கு. ரெண்டு வேண்டாம், ஒண்ணு கூடினாலும் போதும், அத்தனை வண்டியையும் அவருட்டயே விடுதோம். ஆனா நெசமான்னு யாரு பாக்க?"

"ஒங்க டிரைவருங்களே ஓட்டிப் பாக்கலாமே."

"அவங்க ஓட்டினா வண்டி குடிக்கது பாதி, அவங்க குடிக்கது பாதி. அளவு நிக்காது சார். ஒங்க கிட்டயும் டீசல் காருதான் இருக்கு. நீங்க அளந்து ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"ஏன் நான்?"

சிரித்தார். "ஒங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு பாளையங்கோட்டைக்கே தெரியும்லா? நல்லாருக்குன்னு அவரு பொண்டாட்டி சொன்னா யாரு நம்புவா? ஆகாதவன் வாயில வார நல்ல வார்த்தைக்குத்தான் சார் மதிப்பு."

எனக்கு யார்மேலும் பகை கிடையாது என்று விளக்கினேன். முப்பத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். தராசுக்கு எந்தப் பக்கம் சொந்தம்? சரி என்று ஒப்புக்கொண்டேன்.

செல்வின் என் மனைவி சுகிர்தத்தின் தம்பி. இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் லாரியும் ஜெனரேட்டரும் பழுது பார்த்தான். போன அக்டோபரில் ஊர் திரும்பித் தூத்துக்குடி சாலையில் பட்டறை போட்டிருக்கிறான். பேச்சு அதிகம், வண்டி குறைவு. பழைய கம்பெனி ஜூன் 30 வரை தவணை கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறதாம். சங்கத்து வண்டிகள் வந்தால் இங்கே இருப்பான், வராவிட்டால் போவான். சுகிர்தம் சாப்பாடு போடும்போது சொன்னாள்: "அவன் மக பொறந்து பதினாறு வருஷம் ஆச்சு. அவ அப்பனைச் சேந்தாப்புல பாத்தது இந்த ஏழு மாசந்தான். நல்லா அளங்க."

அளப்பதில் நல்லது கெட்டது ஏது? அளவு அளவுதான்.

மே 10, புதன்

முறையை வகுத்தேன். பெரிய வித்தை இல்லை. குடத்திலிருந்து நாள் முழுக்க மொண்டு குடித்தவன் எவ்வளவு குடித்தான் என்று தெரிய, அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குடத்தை மறுபடி நிரப்பிப் பார்த்தால் போதும். காரின் தொட்டியும் அப்படித்தான். விளிம்பு வரை நிரப்பி, ஓட்டிவிட்டு வந்து, திரும்ப விளிம்பு வரை நிரப்ப வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டீசல் நுரைக்கும். குழாய் தானாக நின்றவுடன் நிறைந்துவிட்டது என்று நினைப்பவன் நுரையை அளக்கிறான். ஆற்றிய காப்பியின் மேல் நிற்கும் நுரையைக் காப்பி என்று கணக்கிடுவது போல. ஐந்து நிமிடம் பொறுத்து, காரைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டி, உள்ளே அடைத்த காற்றையும் வெளியேற்றி, பிறகு மீதியை ஊற்ற வேண்டும்.

பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் மாரிக்கனி நான் காரை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, "சார், தொட்டில் ஆட்டுதீங்களோ? பாட்டு ஒண்ணு பாடட்டா?" என்றாள். நல்ல பெண். அவளும் ஒரு கை கொடுத்தாள்.

விதிகள்: ஒரே பங்க், ஒரே குழாய். பாளையங்கோட்டையிலிருந்து கோவில்பட்டி பைபாஸ் டீக்கடை வரை போய்த் திரும்புவது, நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாள். வேகம் எழுபது. ஏ.சி. கிடையாது. காரில் இரண்டு பேர். நான் ஓட்ட, சுகிர்தம் மீட்டரைப் பார்த்து எழுதுவாள்.

மே 13, சனி

முதல் அளவு முடிந்தது. மூன்று நடை. 360 கிலோமீட்டர். 22.2 லிட்டர். லிட்டருக்கு 16.2.

சுகிர்தத்தின் கையெழுத்து நோட்டில் முத்துமுத்தாக இருக்கிறது. "மூணு நாளா ஒரே டீக்கடை, ஒரே வடை. அந்த வடையே என்னைக் கண்டா ஒளியுது" என்கிறாள்.

மே 15, திங்கள்

காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வாசலில் ஏறும்போதே ஆரம்பித்தான்.

"வாங்க அத்தான். பாடம் நடத்துத வேகத்துலயே வாரீங்க. சங்கத்துல ஒங்களத்தான் நடுவராப் போட்டிருக்காங்களாம். ஆட்டுக்கு ஓநாய் காவல்னு சொன்னேன். நம்ப மாட்டேங்காங்க."

"பிடிக்கலைன்னா சொல்லு, திரும்பிப் போறேன்."

"பிடிக்கலைதான். ஆனா ஒங்களை விட்டா வேற யாரு சொன்னாலும் எடுபடாதே. என் தலையெழுத்து."

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, லேப்டாப்பில் ஏதோ தட்டினான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கேட்பது என் பழக்கம்.

"கம்பெனிக்காரன் லடாக்குக்கும் தாழையூத்துக்கும் ஒரே சாப்பாட்டை ஆக்கிப் போடுதான். எங்க போனாலும் இன்ஜின் கெட்டுரக் கூடாதுன்னு டீசலைப் பொதுவா ஒரு கணக்குல ஊத்துதான். நான் தாழையூத்துக்கு மட்டும் சமைக்கேன். எந்த வேகத்துல எவ்வளவு டீசல், எந்த நேரத்துலங்கதை மாத்துதேன். அவ்வளவுதான். இன்ஜின் மெதுவாச் சுத்தும்போதே இழுவை கிடைக்கும். அதனால நாலாவது கியருக்குச் சீக்கிரம் போயிருங்க. காலை அமுக்காதீங்க. இழுவை கூடிருச்சேன்னு அமுக்கினா டீசலும் கூடத்தான் போகும். ஊருக்குள்ள நின்னு நின்னு ஓட்டினா பெருசா ஒண்ணும் தெரியாது. நெடுஞ்சாலையிலதான் தெரியும்."

உதாரணம் சுமாராக இருந்தது. ஒரு திருத்தம் சொன்னேன்: "கம்பெனியில நூறு இன்ஜினியர் ஒக்காந்து போட்ட கணக்கை, லேப்டாப் வச்சிருக்க ஒருத்தன் அரை மணி நேரத்துல திருத்திர முடியுமா? இன்சூரன்ஸ்காரன் கேட்டா என்ன சொல்லுவே?"

"சொல்லாம செஞ்சா தப்பு. எழுதிக் குடுத்துட்டுத்தான் செய்வேன். புகைப் பரிசோதனையும் எடுத்துத் தாரேன். அந்த நூறு இன்ஜினியர் ஒங்க வகுப்புல படிச்சிருந்தா ஒருத்தன்கூட இன்ஜினியர் ஆயிருக்க மாட்டான். அதை நெனைச்சு சந்தோசப்படுங்க."

பட்டறையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பொறுமையாக இருந்தேன்.

டயர்களையும் ஒரு அளவு பெரிதாக மாற்றினான். டயர் பெரிது என்பதால் மீட்டர் நூற்றுக்கு ஐந்து குறைவாகக் காட்டும், கூட்டிக்கொள்ளுங்கள் என்றான். தலையாட்டினேன். மெக்கானிக்குகள் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

மே 16, செவ்வாய்

காரில் ஏறும்போது உயரம் தெரிகிறது. இடது முழங்கால் கொஞ்சம் அதிகமாக மடங்குகிறது.

மே 20, சனி

இரண்டாம் அளவு முடிந்தது. சுகிர்தம் வரவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. நான்தான் வரவேண்டாம் என்றேன். வலிக்கவில்லை என்றாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்கும்.

வியாழன் அன்று பங்கில் கூட்டம். பின்னால் வந்த லாரிக்காரர் ஒலிப்பான் அடித்தபடி இருந்தார். குழாய் நின்றதும் புறப்பட்டுவிட்டேன். இன்று திரும்பி வந்தபோது கூட்டமில்லை. நிதானமாக நுரை அடங்கக் காத்திருந்து நிரப்பினேன். வெயில் நூற்று நான்கு டிகிரி. மனிதன் என்ன இரும்பா? ஏ.சி. போட்டுக்கொண்டேன். கயத்தாறில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுக்க வேண்டியிருந்தது. நேற்று ஆள் இல்லை, இன்றுதான் இறக்கினேன்.

நாலாவது கியருக்குச் சீக்கிரம் போனால் இன்ஜின் திணறுமோ என்று தோன்றியது. பழக்கப்படியே மூன்றில் நன்றாக முடுக்கிவிட்டு மாற்றினேன். காருக்கு நாம் வழக்கம்போல நடந்துகொள்வதுதான் நியாயமான சோதனை.

மீட்டர் 342 காட்டியது. டீசல் 21 லிட்டர். லிட்டருக்கு 16.3.

ஆக, கூடியது ஒரு கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ரெண்டு என்றான்!

மே 21, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு செல்வின் என்னைப் பார்த்து, "ரிசல்ட் எப்போ சார் போர்டுல ஒட்டுவீங்க?" என்றான். 'சார்' என்றான், எல்லார் முன்னாலும். 

மே 28, ஞாயிறு

சங்கத்தின் மாதக் கூட்டம். கையெழுத்திட்ட தாளை சங்கிலிபூதத்தானிடம் கொடுத்தேன். மாற்றத்துக்கு முன் 16.2, பின் 16.3. குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அவர் சத்தமாக வாசித்தார்.

"சரி. செல்வின் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டிர வேண்டியதுதான்" என்றார் ஒருவர்.

செல்வின் பின் வரிசையில் இருந்து எழுந்தான். "அத்தான், மீட்டர் எத்தனை காட்டிச்சு?"

"முடிவைச் சொல்லியாச்சு."

"முடிவைக் கேக்கலை. மீட்டர் ரீடிங் எத்தனை?"

"அளவுக் குறிப்பு அளந்தவன் கிட்ட இருக்கும். அதை ஒன்கிட்ட காட்டணும்னு விதி கிடையாது."

 செல்வின் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னான்: "அப்போ எனக்குப் பதினேழு வயசு. இவரு எனக்கு இயற்பியல் வாத்தியாரு. எங்க அக்காளைக் கட்டி மூணு மாசம் ஆகியிருந்தது. ஊசல் பரிசோதனையில ரெண்டு ரீடிங் எடுக்க விட்டுப்போச்சு. உத்தேசமா எழுதினேன். ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. கையெழுத்து இல்லாம செய்முறைத் தேர்வு எழுத முடியாது. ஒரு வருசம் போச்சு, காலேஜ் போச்சு. எங்க அப்பா இந்த மருமகன் கால்ல விழாத குறை. 'அளக்காம எழுதினவன் அளக்காம எழுதினவன்தான்'னாரு. அன்னைக்கு நான் என் நோட்டைக் காட்டினேன் அத்தான். இன்னைக்கு ஒங்க நோட்டைக் காட்டுங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். கூட்டத்தில் குடும்ப விஷயம் பேசுகிறவனோடு என்ன பேச்சு?

நடந்தது உண்மைதான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவன் உத்தேசமாக எழுதிய விடைகூடச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அளக்காமல் கிடைத்த சரி, சரி ஆகாது. அதைத்தான் சொல்லிக்கொடுக்க நினைத்தேன். ஒரு வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மைத்துனன் என்பதால் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

மே 31, புதன்

ஓய்வூதிய அலுவலகம் போய்விட்டு மதியம் திரும்பினேன். சுகிர்தம் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்த நோட்டு.

"இது நான் எழுதினது. முந்நூத்தி அறுபது" என்று முதல் பக்கத்தைத் தொட்டாள். அடுத்த பக்கத்துக்கு வந்தாள். "இது நீங்க எழுதினது. முந்நூத்தி நாப்பத்திரண்டு. அதே கோவில்பட்டி, அதே டீக்கடை. பதினெட்டு கிலோமீட்டர் எங்க? ரோட்டைச் சுருட்டி எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?"

"டயர் மாறினா மீட்டர்ல கொஞ்சம்..."

"அது தெரியுதுலா? அப்போ தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் போகும் தூரம் கூடும், மீட்டரோ சுற்றை மட்டும்தான் எண்ணும் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். உதாரணமாக, ஒட்டகச்சிவிங்கியும் ஆடும் நூறு அடி எடுத்து வைத்தால்...

"ஒட்டகம் இருக்கட்டும்" என்று எழுந்தாள். "முந்நூத்தி அறுபதை இருபத்தொண்ணால வகுத்துப் பாத்தேன். பதினேழு வருது. நான் எட்டாங் கிளாஸ்தான். எனக்கே வருது."

ஜூன் 3, சனி

மூன்று நாளாகச் சாப்பாடு மேசையில் இருக்கிறது. ஆள் இருப்பதில்லை.

ஜூன் 5, திங்கள்

பொறுமையாக எடுத்துச் சொல்லலாம் என்று அடுக்களைக்குப் போனேன். சோதனை என்றால் சில சிறு விடுபாடுகள் நேர்வது இயல்பு, பெரிய விஞ்ஞானிகளுக்கே நேர்ந்திருக்கிறது என்றேன்.

கீரை ஆய்ந்தபடியே சொன்னாள், நிமிராமல்: "ரெண்டே வழி. என்னையும் கூட்டிட்டு மறுபடி மூணு நாள் போங்க. மொதல்ல ஓட்டின மாதிரியே ஓட்டுங்க. வார கணக்கை நீங்களே போய்ச் சங்கத்துல சொல்லுங்க. இல்லைன்னா இந்த நோட்டை எடுத்துட்டு நான் போவேன். பாக்கியநாதன் சார் பொண்டாட்டி வந்திருக்கான்னு சொல்லிட்டு உள்ள போவேன்."

"என்னைச் சந்தியில நிறுத்தப் போறியா?"

"நீங்க அவனை நிறுத்தினதுக்கு முப்பத்திரண்டு வருசம் வாயை மூடிட்டு இருந்தேன். அதுதான் தப்பு."

அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. இரத்த அழுத்த மாத்திரை போட்டாளா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜூன் 10, சனி

மூன்றாம் அளவு. ஏ.சி. இல்லை, மூட்டை இல்லை. நுரை அடங்கும்வரை இரண்டு முறையும் சுகிர்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாரிக்கனி ஏதோ வேடிக்கை சொல்ல வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

 கங்கைகொண்டான் தாண்டியதும், "நாலு" என்றாள். கியர். "அவன் நாலுன்னுதானே சொன்னான்." மாற்றினேன். திணறவில்லை.

மீட்டர் 342, டயர்க் கணக்கைக் கூட்டினால் தூரம் 360. டீசல் 20.4 லிட்டர். லிட்டருக்கு 17.6.

ஒன்று புள்ளி நான்கு கூடியிருக்கிறது. ரெண்டு இல்லை. அவன் சொன்னதும் பொய்தான் என்று சுட்டிக்காட்டினேன். "ஒண்ணு போதும்னுதானே சங்கம் கேட்டது" என்றாள்.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவனுக்கு இதுவும் வராது என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள, இந்த வாரம் மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று ஊருக்குள் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். முழுமை முக்கியம்.

ஜூன் 18, ஞாயிறு

ஊருக்குள் ஓட்டியதில் பழைய அளவேதான். பலன் ஒன்றும் இல்லை. சுகிர்தத்திடம் காட்டினேன். "அவனே மொத நாளே இதைச் சொன்னான்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள். ஆம், சொல்லியிருந்தான்.

ஜூன் 25, ஞாயிறு

சங்கக் கூட்டம். சுகிர்தமும் வந்தாள், மேலே ஏறாமல் மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். செல்வின் வரவில்லை.

எழுந்து சொன்னேன்: "முந்தைய அறிக்கையில ஒரு திருத்தம். டயர் மாற்றத்தால மீட்டர் குறைவாக் காட்டினதைக் கணக்குல சேர்க்க விட்டுப்போச்சு. திரும்ப அளந்தேன். நெடுஞ்சாலையில லிட்டருக்கு ஒண்ணு புள்ளி நாலு கூடுது. ஊருக்குள்ள கூடலை."

புதிய தாளைக் கொடுத்தேன். சங்கிலிபூதத்தான் அதையும் பழைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், போன மாசம் இல்லைன்னீங்க. இந்த மாசம் உண்டுங்கீங்க. நடுவுல மாறினது காரா, வீடா?"

ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. "சாருக்கு வீட்டுல ஒலை வைக்கலை போல!" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்படி இல்லை. விட்டுப்போச்சு. மறதி."

"மறதியா?" அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், டயர் பெருசானா மீட்டர் கொறையும்ங்கது எங்க கிளீனருக்குத் தெரியும். முப்பத்தஞ்சு வருசம் இயற்பியல் எடுத்த ஒங்களுக்கு மறந்துபோச்சுன்னா, நாங்க நம்பணுமா? மொத அளவுல நீங்க யாருக்கும் சொந்தக்காரரு இல்லை. அதனால நம்பினோம். இப்போ அம்மா கீழ ஒக்காந்திருக்காங்க. நாங்களும் குடும்பஸ்தங்கதான். எங்களுக்கும் புரியும்."

"நான் அளந்தது உண்மை."

"எது சார்? மொதல்ல அளந்ததா, ரெண்டாவதா?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "மறதிதான்" என்றேன்.

மேப்பிங் விஷயத்தை இனி எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டு, வண்டி நிறுத்துமிட விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

காரில் வரும்போது சுகிர்தம் சொன்னாள்: "அவனைப் பிடிக்காது, வேணும்னுதான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. ஆகாதவன் வாயில வார வார்த்தைன்னு அந்த மனுசனே சொன்னாருலா? அந்த ஒரு வார்த்தைதான் வேணும்னு இருந்தது."

வண்ணாரப்பேட்டையில் நெரிசல். கவனம் முழுவதும் சாலையில் இருந்தது.

ஜூன் 26, திங்கள்

செல்வின் கேட்டுக்கு வெளியே நின்றே பேசினான். உள்ளே வா என்று சுகிர்தம் மூன்று முறை கூப்பிட்டாள்.

"மஸ்கட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டேன்க்கா. எட்டாம் தேதி டிக்கெட்." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஒண்ணு புள்ளி நாலுன்னு எழுதிக் குடுத்தீங்களாமே அத்தான். கையெழுத்தும் போட்டீங்களாமே. முப்பத்திரண்டு வருசம் தாமதம். பரவால்ல, போட்டீங்களே."

"நீ ரெண்டுன்னு சொன்னது தப்பு."

"தப்புதான். வியாபாரி கூட்டித்தான் சொல்லுவான், வாங்குதவன் கொறைச்சுப்பான். வாத்தியாரு கொறைச்சுச் சொல்லுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

போய்விட்டான். பட்டறையை எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம்.

ஜூலை 2, ஞாயிறு

ஆராதனையில் சுகிர்தம் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் செல்வின் மகளோடு உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஷைனி என்னைப் பார்த்து, "தோத்திரம் மாமா" என்றாள். அவ்வளவுதான். நல்ல வளர்ப்பு.

ஜூலை 8, சனி

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு என் காரில்தான் போக வேண்டும் என்று சுகிர்தம் சொல்லிவிட்டாள். செல்வின் பேருந்தில் போகிறேன் என்றான். "அக்கான்னு ஒருத்தி இருக்காளா, இல்லையா?" என்று கேட்டதும் பெட்டிகளைத் தூக்கி வைத்தான். இரண்டு பெரிய பெட்டிகள். பின் இருக்கையில் சுகிர்தம், அவன் மனைவி, ஷைனி. அவன் உயரத்துக்குப் பின்னால் இடம் போதாது. என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

 நான் ஓட்டுவதை அவன் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டு வந்தான். இன்ஜின் சத்தம் மாறும் ஒவ்வொரு முறையும் அவன் தாடை அசைந்தது.

காவல்கிணறு தாண்டி அரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சாலை ஏறத் தொடங்கியது. இருபுறமும் காற்றாலைகள். ஐந்து பேர், இரண்டு பெட்டிகள். கார் தளரும் என்று நினைத்து, மூன்றாவதுக்கு இறக்கக் கியரைப் பிடித்தேன். அவன் கையை என் கைமேல் வைத்தான்.

"வேண்டாம். நாலுலயே விடுங்க. காலை லேசா வச்சுட்டுச் சும்மா இருங்க."

இருந்தேன். கார் ஏறியது. முனகல்கூட இல்லை. ஊற்றிய எண்ணெய் போல ஒரே சீராக ஏறியது. நாற்பது வருடமாக இந்தச் சாலையில் வந்துபோகிறேன். மூன்றாவதுக்கு இறக்காமல் இந்த ஏற்றத்தை நான் ஏறியதில்லை.

அவன் கை இன்னும் என் கைமேல்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னான், பின்னால் கேட்காதபடி:

"இங்க சங்கம் இல்லை அத்தான். எழுதி வைக்க ஆளும் இல்லை. காரு நல்லா இழுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அதை எடுத்துட்டுப் போயிருதேன்."

பின்னால் ஷைனி, "கண்ணாடிய ஏத்துங்க மாமா, மண்ணு நேரா மூஞ்சில அடிக்குது" என்றாள்.

கண்ணாடியை ஏற்றினேன்.

"காத்து பின்னால இருந்து தள்ளுது" என்றேன்.

சாலையோரத்துப் பனைகளின் ஓலைகள் அத்தனையும் எதிர்ப்பக்கமிருந்து எங்களை நோக்கி அடித்துக்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு என் கைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கணவாயைக் கடக்கும்வரை நான் கியரை மாற்றவில்லை.